டிக்கிக்கு மேல் ஒரு காற்றுப் பலகை

தை மாதம் சம்பா அறுவடை சூடுபிடித்துவிட்டால், மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் போகும் சாலையில் வண்டி ஓட்டுபவருக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் தெரியும், ஓரத்தில் தார்ச்சாலையிலேயே காயும் நெல் தெரியும், பின்னால் மட்டும் ஒன்றும் தெரியாது. எஸ்யூவியின் பின் கண்ணாடியில் நெல் சுனையும் புழுதியும் சேர்ந்து பழுப்புப் படலமாக அப்பியிருக்கும். அந்தப் படலத்தில் யாரோ ஒரு சிறுவன் விரலால் தன் பெயரை எழுதிவைத்திருப்பான். பின் கண்ணாடி வழியாக 70 விழுக்காடு வெளிச்சமாவது ஊடுருவ வேண்டும் என்கிறது மோட்டார் வாகன விதி. அது தொழிற்சாலையில் கண்ணாடி செய்பவர்களுக்கான விதி. அறுவடைக் காலத்துத் தூசுக்கு அதெல்லாம் தெரியாது.

அதே சாலையில் அதே வேகத்தில் வந்த செடான் காரைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அதன் பின் கண்ணாடி ஓரளவு சுத்தமாகவே இருக்கிறது. செடான்களில் பின் வைப்பர் அநேகமாக இருப்பதில்லை என்பதற்குக் காரணமும் இதுதான்: சரிந்திறங்கும் கூரையோடு காற்றும் வழுக்கிக்கொண்டு இறங்கி, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போகிறது. பொலீரோ போல முதுகு செங்குத்தாக நிற்கும் வண்டியில் காற்றுக்கு அந்த வழி இல்லை. கூரையின் விளிம்பு வரை ஒட்டி வந்த காற்று, அங்கே பிடி விட்டு நேராகப் பின்னால் பாய்ந்துவிடுகிறது. விளிம்புக்குக் கீழே, டிக்கிக் கதவுக்குப் பின்னால், அழுத்தம் குறைந்த ஒரு வெற்றிடம் போன்ற பகுதி உண்டாகிறது.

மேலையூரில், காவிரி கடலைச் சேர்வதற்கு முன்னால் உள்ள கடைசிக் கதவணையில் தண்ணீர் திறந்திருக்கும் நாளில் நின்று பார்த்தால் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். தூண்களின் இரு பக்கமும் தண்ணீர் விரைந்து ஓடும். தூணின் முதுகில் மட்டும் அது ஓடாது. அங்கேயே சுழலும், சில சமயம் எதிர்த் திசையில்கூட நகரும். ஆகாயத்தாமரைத் துண்டும் தேங்காய் மட்டையும் அங்கே மாட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். எஸ்யூவி கிளப்பும் புழுதிக்கும் இதே கதிதான். பின் சக்கரங்கள் கிளப்பும் தூசு முதலில் தரையோடு பின்னால்தான் போகிறது. வண்டியின் முதுகில் உள்ள சுழல் அதைப் பிடித்து மேலே இழுத்துக் கண்ணாடியில் கொண்டுவந்து அப்புகிறது. அரசுப் பேருந்துகளின் பின்புறம் எப்போதும் அழுக்காகவே இருப்பதற்குப் பணிமனையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவதுதான் காற்றுத் திருப்பி, கடைக்காரர்களின் பேச்சில் 'டிஃப்ளெக்டர்'. கூரையின் பின் விளிம்புக்கு மேலே, சற்று இடைவெளி விட்டு நிற்கும் ஒரு வளைந்த பலகை. கூரைக்கு மேலே வேகமாக வரும் காற்றில் ஒரு பகுதி அந்த இடைவெளிக்குள் நுழைகிறது. பலகையின் வளைவு அதைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அந்தக் காற்று கண்ணாடியின் மேல் திரைபோல இறங்கித் தூசை ஒட்டவிடாமல் தள்ளுகிறது. யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் 1960-களிலும் 70-களிலும் ஓடிய நீளமான ஸ்டேஷன் வேகன் கார்களில் கூரையின் பின்னால் இந்தப் பலகையைப் பல உரிமையாளர்கள் கேட்டு வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். பெட்டி முதுகு உள்ள வண்டி எங்கே பரவுகிறதோ, அங்கே பின்னாலேயே இந்தப் பலகையும் வந்துவிடுகிறது.

இங்கேதான் வாங்குபவர் ஏமாறும் இடம் இருக்கிறது. கடையில் தொங்கும் பொருள்களில் பெரும்பாலானவை டிஃப்ளெக்டர் அல்ல, ஸ்பாய்லர். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பிதான். செய்யும் வேலை நேர்மாறு. ஸ்பாய்லர் கூரையோடு இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டு, கூரையையே சற்று நீட்டுகிறது. காற்று இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்த் தெளிவாகப் பிரிகிறது. இழுவை சிறிது குறையலாம், பின் சக்கரங்களைத் தூக்கும் விசையும் குறையலாம். கண்ணாடி மட்டும் சுத்தமாகாது. கிரெட்டா போன்ற வண்டிகளில் தொழிற்சாலையிலிருந்தே வருவது இந்த வகைதான். டிஃப்ளெக்டரோ காற்றை வலுக்கட்டாயமாகக் கீழே வளைக்கிறது. வளைத்த காற்று சும்மா விடுமா? பலகையை எதிர்த்திசையில், அதாவது மேலே தள்ளும். விசை சிறியதுதான், ஆனால் 'பொருத்தினால் வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும்' என்று கடைக்காரர் சொன்னால், அவர் பேசுவது ஸ்பாய்லரைப் பற்றி.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பலகைக்கும் கூரைக்கும் நடுவே நான்கு விரல்களை நுழைத்துப் பார்த்தால் போதும். நுழைந்தால் காற்றும் நுழையும். நுழையாவிட்டால் அது ஸ்பாய்லர்.

காற்றைக் கீழே வளைப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஜெர்மனியில் எஸ். ஆர். அகமதும் அவருடைய சகாக்களும் ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதல் நீளமுள்ள ஒரு பெட்டி மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் செய்த சோதனை முடிவுகள் 1984-இல் வெளிவந்தன. முதுகின் சரிவை மட்டும் மாற்றி மாற்றி அளந்தார்கள். சரிவு ஏறக்குறைய 30 பாகை வரை காற்று ஒட்டிக்கொண்டே இறங்கியது. அதைத் தாண்டியதும் சட்டென்று பிடியை விட்டுவிட்டது. 'அகமது பெட்டி' என்ற பெயரில் இன்றும் உலகெங்கும் பொறியியல் மாணவர்கள் அந்த மாதிரியைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். எஸ்யூவியின் பின் கண்ணாடி கிட்டத்தட்ட நெட்டுக்குத்து. தானாக அந்த வழியே இறங்கும் எண்ணம் காற்றுக்குத் துளியும் இல்லை. பலகையின் வளைவும் உயரமும் இடைவெளியும் அந்தந்த வண்டிக்கு ஏற்ப அமைந்தால்தான் இறங்கும். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதைச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

அடுத்த எல்லை வேகம். காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது: 40 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைப்போல நான்கு மடங்கு விசை 80-இல் கிடைக்கும். டெல்டாச் சாலைகளில் 80 என்பது கிழக்குக் கடற்கரைச் சாலையின் நேரான பகுதிகளில் கிடைக்கலாம். வாய்க்கால் பாலங்களும் வேகத்தடைகளும் கொள்முதல் நிலையத்து லாரி வரிசையும் நிறைந்த உள்சாலைகளில் 40 கிடைத்தாலே பெரிது. அந்த வேகத்தில் பலகை சும்மா உட்கார்ந்து சவாரி செய்யும். கூரையில் கேரியர் போட்டு, வேளாங்கண்ணிக்கோ சபரிமலைக்கோ மூட்டை கட்டிப் போகும் வண்டியில் அதுகூட இல்லை. மூட்டையில் மோதிக் குழம்பிய காற்றுதான் பலகைக்கு வந்து சேரும்.

மைலேஜ் கூடும் என்ற பேச்சையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 1970-களில் கலிஃபோர்னியாவில், நாசாவின் டிரைடன் மையத்துப் பொறியாளர் எட்வின் சால்ட்ஸ்மன் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, கடந்து போகும் லாரிகள் தன்னை ஒரு முறை தள்ளுவதையும் அடுத்த கணம் இழுப்பதையும் கவனித்தார். அவரும் சகாக்களும் ஒரு வேனின் மேல் அலுமினியத் தகடு போர்த்தி, மூலைகள் கூராக உள்ள சுத்தமான பெட்டியாக்கி ஓட்டி அளந்தார்கள். விளிம்புகளை எல்லாம் வளைத்ததும் காற்றுத் தடை பாதிக்கும் மேல் குறைந்தது. பின்புறத்தில் படகின் வாலைப்போலக் குவிந்த ஒரு நீட்சியைப் பொருத்தியபோது மேலும் சுமார் 15 விழுக்காடு. முதுகைத் திருத்தினால் பலன் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு முழு வால் தேவைப்பட்டது. ஒரு சாண் அகலப் பலகையிடம் டீசல் மிச்சத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. காற்றை வளைப்பதற்கு அது கொஞ்சம் டீசலைக் கேட்காமல் இருந்தாலே லாபம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலைமை வேறு. அப்போது கண்ணாடியில் வந்து விழுவது உலர்ந்த தூசு அல்ல, களிமண் கரைந்த சேற்றுத் துளி. ஒட்டிய சேற்றைக் காற்றால் உரிக்க முடியாது. அதற்குப் பின் வைப்பரும் வாஷர் தண்ணீரும்தான். விலை குறைந்த மாடல்களில் பின் வைப்பரை விட்டுவிடும் வழக்கம் கம்பெனிகளுக்கு உண்டு. பலகைக்குக் கொடுக்கும் பணத்தில் அதைப் பின்னால் பொருத்த வழி இருக்கிறதா என்று முதலில் விசாரிப்பது புத்திசாலித்தனம். பின் சக்கரங்களுக்குப் பின்னால் நல்ல மட் ஃப்ளாப் போட்டால், புழுதி கிளம்பும் இடத்திலேயே கொஞ்சம் அடங்கும்.

ஆக, பலகை யாருக்கு? பின் வைப்பர் இல்லாத செங்குத்து முதுகு வண்டி, கேரியர் கிடையாது, தினமும் நாகப்பட்டினம் பக்கமோ புதுச்சேரி பக்கமோ கடற்கரைச் சாலையில் நீண்ட ஓட்டம், ஆண்டில் பாதி உலர்ந்த புழுதி. இப்படிப்பட்டவர் தாராளமாகப் பரிசீலிக்கலாம். பூம்புகாருக்கும் சீர்காழிக்கும் நடுவே மட்டும் ஓடுபவர் ஒரு பழைய துணியை டிக்கியில் வைத்துக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன், ஏற்கெனவே பொருத்திய நண்பரின் வண்டியில் சோதித்துப் பார்க்கவும் முடியும். காற்றுச் சுரங்கங்களில் நெடுங்காலமாகச் செய்யும் சோதனைதான் இது. கம்பளி நூலை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையை மட்டும் செல்லோ டேப்பால் பின் கண்ணாடியில் வரிசையாக ஒட்ட வேண்டும். ஆளரவம் இல்லாத நேர்ச்சாலையில் அந்த வண்டி 70-இல் போக, பின்னால் இன்னொரு காரில் வருபவர்களில் ஓட்டாதவர் செல்போனில் படம் எடுக்க வேண்டும். நூல்கள் கண்டபடி சுழன்றாலோ மேல்நோக்கி நிமிர்ந்தாலோ, பலகை இருந்தும் சுழல் அப்படியே இருக்கிறது. மேல் வரிசை நூல்களாவது கண்ணாடியோடு படிந்து கீழ்நோக்கி நின்றால் வேலை செய்கிறது. கீழ் வரிசை நூல்கள் சுழன்றுகொண்டேதான் இருக்கும். நம்பர் பிளேட்டும் ரிவர்ஸ் கேமராவும் இருப்பது அங்கேதான், அவற்றுக்குப் பலகையால் பெரிய உதவி இல்லை.

பொருத்துவதில் பூம்புகாருக்கென்று ஒரு கவலை உண்டு: உப்புக் காற்று. டிக்கிக் கதவில் டிரில் போட்டால் அந்த ஓட்டையின் ஓரத்தில் பெயிண்ட் போய், கடலோரத்தில் சீக்கிரமே துரு பிடிக்கும். மழை நீரும் அதன் வழியாக உள்ளே கசியும். தரமான இரட்டைப் பக்க டேப்பும், கதவின் விளிம்பைக் கவ்வும் கிளாம்ப்பும் உள்ள மாடலே இங்கே நல்லது. 2017 டிசம்பரில் வண்டிகளின் முன்பக்கத்தில் கூடுதலாகப் பொருத்தும் இரும்புக் கம்பிகளை மத்திய அரசு தடை செய்தது, பாதசாரிகளுக்கு ஆபத்து என்பதால்தான். அதனால் கூர்மையான முனைகளோ வண்டியின் அகலத்தைத் தாண்டும் இறக்கைகளோ உள்ள பலகையை ஒதுக்கிவிடலாம். பொருத்தி முடித்ததும் ஒருவர் பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் பத்தடி பின்னால் நின்று, கண்ணாடிக்கு மேலே உள்ள மூன்றாவது பிரேக் விளக்கு மறையாமல் தெரிகிறதா என்று பார்த்த பிறகே கடைக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும்.