எல்லை தாண்டும் படிப்பு – 7: கோபாலபுரத்து பி.எட்., இங்கிலாந்து வகுப்பறை

பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறை போகும் சாலையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். வீடுகளில் பேசும் தமிழ் மாறாது. பள்ளிப்படிப்பைக் கேரளத்தில் தமிழ் வழியில் முடித்துவிட்டு, பட்டத்துக்கும் பி.எட்.டுக்கும் கோவைப் பக்கம் போனவர்கள் இங்கே பலர். இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட் பிள்ளைகள் போடி, தேனி, மதுரை என்று மலையிறங்கிப் படித்தார்கள். தமிழ்நாட்டு ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) பெற்ற தேர்ச்சியை வைத்துக்கொண்டு கேரள அரசுப் பள்ளி வேலைக்குப் போக முடியாது, கேரளத்தின் கே-டெட் தேர்வைத் தனியாக எழுத வேண்டும் என்பது இவர்களுக்குப் பழகிப்போன சங்கதி. அதனால் இவர்களில் யாராவது இங்கிலாந்துப் பள்ளி வேலையைப் பற்றிக் கேட்டால், ‘அங்கேயும் இதே கதைதான், ஆனால் வழி இருக்கிறது’ என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அந்த வழி 2023 பிப்ரவரியில் திறந்தது. அதுவரை குறிப்பிட்ட நாடுகளின் ஆசிரியர்களுக்கு மட்டும் நேரடியாகக் கிடைத்துவந்த ‘கியூ.டி.எஸ்.’ என்னும் தகுதிபெற்ற ஆசிரியர் அந்தஸ்து, இந்தியாவில் பயிற்சி பெற்றவர்களும் விண்ணப்பிக்கக்கூடியதாக ஆனது. நைஜீரியா, கானா, தென்னாப்பிரிக்கா, சிங்கப்பூர், உக்ரைன் போன்ற நாடுகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் நமக்கு ஒரு நிபந்தனை உண்டு: 11 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்களுக்குக் கணிதம், அறிவியல், மொழிகள் இவற்றில் ஒன்றைக் கற்பிக்கத் தகுதி பெற்றிருக்க வேண்டும். அங்கே ஆள் கிடைக்காத பாடங்கள் இவை. சமூக அறிவியல் ஆசிரியருக்கு இந்த வாசல் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்துத் தொடக்கப் பள்ளியில் இருப்பவருக்கும் இல்லை. தமிழாசிரியர்களும் கேட்கிறார்கள். பிரிட்டனில் தமிழ் பெரும்பாலும் ஈழத்தமிழர்கள் நடத்தும் வார இறுதிப் பள்ளிகளில்தான் வாழ்கிறது; அதை நம்பி விமானம் ஏற வேண்டாம்.

இளங்கலைப் பட்டம், குறைந்தது ஒரு கல்வியாண்டு நீண்ட ஆசிரியர் பயிற்சி, ஓராண்டுப் பணி அனுபவம், வாசித்தல், எழுதுதல், கேட்டல், பேசுதல் ஆகிய நான்கு திறன்களிலும் ஐரோப்பிய மொழித்தர அளவுகோலின் பி2 நிலை ஆங்கிலம், கற்பிக்கத் தடை ஏதும் இல்லை என்பதற்கான அத்தாட்சி. கேட்பது இவ்வளவே. விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது, இணையத்தில் நாமே செய்துவிடலாம். 2015-க்கு முன்பு ஓராண்டு பி.எட். படித்தவர்களும் கால அளவை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

எல்லையோரத்து ஆசிரியருக்குச் சிக்கல் வருவது தாள்களில். பட்டம் பாரதியார் பல்கலைக்கழகத்தில், பி.எட். சென்னை ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தில், வேலை பாலக்காடு மாவட்டத்து உதவிபெறும் பள்ளியில். அனுபவச் சான்று மலையாளத்தில் இருந்தால் முறையான ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். பணி விவரத்தை உறுதிசெய்யக் கேட்டு வரும் மின்னஞ்சலுக்குப் பள்ளியிலிருந்து பதில் போக வேண்டும். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் விண்ணப்பம் அங்கேயே கிடக்கும். பிறகு இந்த இனிஷியல். சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓரெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயர். மூவரும் ஒருவரே என்று நம் ஊர் குமாஸ்தாவுக்குத் தெரியும், இங்கிலாந்தில் உட்கார்ந்து படிப்பவருக்குத் தெரியாது. பெயர் வேறுபாட்டுக்கான ஆவணத்தை முதலில் தயார் செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கியூ.டி.எஸ். கிடைத்துவிட்டால் வேலை கிடைத்ததாக நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது தகுதி மட்டும்தான். வேலையை ஒரு பள்ளி தர வேண்டும். அந்தப் பள்ளிக்கு வெளிநாட்டவரை அமர்த்தும் ஸ்பான்சர் உரிமமும் இருக்க வேண்டும். அதன் பிறகே விசா. ‘கியூ.டி.எஸ். இல்லாமலே நாலு வருஷம் வேலை பார்க்கலாம், அப்புறம் வாங்கிக்கலாம்’ என்று ஏஜென்டுகள் சொல்வது பாதி உண்மை. வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர் அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளில் நான்கு ஆண்டுகள் அப்படிக் கற்பிக்க இங்கிலாந்தின் விதி இடம் தருகிறது. ஆனால் சம்பளத்தைப் பாருங்கள். 2024–25 கல்வியாண்டில் லண்டனுக்கு வெளியே, தகுதிபெற்ற ஆசிரியரின் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 31,650 பவுண்டு. அந்தஸ்து இல்லாதவருடையது 21,731. கல்வித்துறைப் பணிக்கான விசாவுக்குக் குறைந்தபட்சச் சம்பளமோ 2025 ஏப்ரலில் 25,000 பவுண்டாக உயர்ந்தது. அந்தஸ்து இல்லாதவரின் அடிமட்டச் சம்பளத்தில் விசாவே கிடைக்காது. இதைச் சொல்லாமல் பணம் வாங்குவதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று. இந்தக் கியூ.டி.எஸ். வழி இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் அதற்கென உள்ள ஆசிரியர் மன்றத்தில் பதிவு செய்தாக வேண்டும். வேல்ஸுக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனி அமைப்புகள். கேரள–தமிழ்நாட்டு எல்லையைத் தினமும் தாண்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்துப் பள்ளியின் நேர்காணலில் பாட அறிவுக்கு இணையாகக் குழந்தைகள் பாதுகாப்பைப் பற்றியும் கேட்பார்கள். ஒரு மாணவி வீட்டில் தன்னை அடிக்கிறார்கள் என்று உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்கள்? ‘பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவேன்’ என்று நாம் நல்லெண்ணத்தோடு சொல்லும் பதில் அங்கே தவறான பதில். ரகசியமாக வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்காமல், பள்ளியில் அதற்கென்று நியமிக்கப்பட்ட பொறுப்பாளரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். இதற்கான அரசு வழிகாட்டி ஏடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வேலை உறுதியானதும் குற்றப் பின்னணிச் சோதனை நடக்கும். இங்கிருந்து போலீஸ் சான்றும் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம்.

பணத்தைப் பற்றி: வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடமே கட்டணம் வாங்குவதை பிரிட்டனில் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இந்தியாவில் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் பெற்ற ஏஜென்டுதான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க முடியும். அவரும் 30,000 ரூபாய்க்கும் அதற்கான வரிக்கும் மேல் கேட்கக் கூடாது. உரிமம் உண்மையானதா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ மாடிப்படியேறிப் போய் யாரிடமாவது லட்சக்கணக்கில் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அவருடைய உரிம எண்ணைக் கேளுங்கள்.

(தொடரும்)