ஒன்றரைக் கிலோ மீன் 20 பவுண்டு நூலை அறுப்பது எப்படி?

திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூடத்தில் படிவம் நான்கு மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். முகத்தில் கவலை.

"சார், நூல் சுருள்ல 20 பவுண்டுன்னு போட்டிருக்கு. அப்படின்னா 9 கிலோ தாங்கணும். மீன் ஒன்றரைக் கிலோகூட இருக்காது. ஒரே இழுப்புல அறுத்துட்டுப் போயிடுச்சு. போலி நூலை வித்துட்டாங்களா சார்?"

முந்தைய நாள் அப்பாவுடன் ஈயக்குட்டைக்குச் சென்றிருக்கிறார். பேராக் மாநிலத்துத் தூண்டில்காரர்கள் 'பி.பி.' என்று சுருக்கமாக அழைக்கும் பீக்காக் பாஸ் மீனைப் பிடிக்கத்தான். புது இரை, புது நூல், எல்லாம் போயிற்று.

நூல் போலியானது அல்ல. கணக்குதான் தவறு. இந்தத் தவற்றைப் பல ஆண்டு அனுபவமுள்ளவர்களும் செய்கிறார்கள். நட்டம் இரையின் விலையோடு நிற்பதில்லை. அறுந்த நூலுடன் போன மீனின் வாயில் இரண்டு மும்முனை முள்கள் இருக்கும். இரு தாடைகளையும் சேர்த்துக் குத்தியிருந்தால் அதனால் வாயைத் திறந்து இரை தின்ன முடியாது. சரியான கருவியைத் தேர்ந்தெடுப்பது மீனைப் பிடிக்க மட்டுமல்ல, அதைத் தேவையில்லாமல் வதைக்காமல் இருக்கவும்தான்.

பெயரில்தான் பாஸ்

அமெரிக்க ஏரிகளில் பிடிக்கப்படும் பெரிய வாய் பாஸ் மீனுக்கும் நம் பீக்காக் பாஸுக்கும் நெருங்கிய உறவு இல்லை. பீக்காக் பாஸ் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. சந்தையில் நாம் வாங்கும் திலாப்பியாவுக்கு உறவுக்கார மீன். இதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோக்கோ ஆற்றுப்படுகைகள். வாலின் அடியில் மயில் தோகைக் கண்ணைப் போன்ற கரும்புள்ளி உண்டு. பெயர் வந்தது அதனால்தான்.

இது பகலில், கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். மூழ்கிய மரக்கட்டை, கரையோரப் புதர், நிழல் விழும் இடம் ஆகியவற்றில் நின்று, சிறு மீன் கடந்து போகும்போது பாய்ந்து விழுங்கும். அந்தப் பாய்ச்சல்தான் நம் மாணவரின் நூலை அறுத்தது.

எடை அல்ல, நிறுத்தும் தூரம்

மீனின் எடையையும் நூலின் தாங்கும் திறனையும் ஒப்பிடுவதே முதல் தவறு. தண்ணீருக்குள் மிதப்பு விசை மீனைத் தாங்குகிறது. அங்கே மீன் தன் எடையால் நூலை இழுப்பதில்லை. நூல் சந்திப்பது ஓடும் மீனின் இயக்க ஆற்றலை.

ஒன்றரைக் கிலோ மீன் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றல் என்பது பொருண்மையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. 0.5 × 1.5 × 3 × 3 = 6.75 ஜூல். அதிகம் இல்லை. ஆனால் அந்த ஆற்றலை எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆற்றலைத் தூரத்தால் வகுத்தால் சராசரி விசை கிடைக்கும்.

மாணவர் ரீலின் 'டிராக்' திருகை முழுவதும் இறுக்கி வைத்திருந்தார். மீன் கரைக்கு அருகே வந்துவிட்டதால் வெளியே இருந்த நூலும் குறைவு. மீன் வெறும் 5 செ.மீ. தூரத்தில் நிறுத்தப்பட்டது என்று கொண்டால், 6.75-ஐ 0.05-ஆல் வகுக்க 135 நியூட்டன். 20 பவுண்டு நூல் தாங்குவது ஏறத்தாழ 89 நியூட்டன்தான். முடிச்சு போட்ட இடத்தில் அதைவிடவும் குறைவு. மீன் தன் வாலால் தள்ளும் விசையை நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

காரில் இருக்கை வார் எப்படிச் சற்று இளகி நம்மைக் காக்கிறதோ, அதே தத்துவம்தான் இங்கேயும். நிறுத்தும் தூரம் கூடினால் விசை குறையும்.

டிராக்: விட்டுக்கொடுக்க வேண்டிய இடம்

தூண்டில் என்பது ஒரு சங்கிலி. முள், முடிச்சு, நூல், கோல், ரீல், கை. அளவுக்கு மீறிய விசை வரும்போது இவற்றில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை மீன் கடிக்கும் முன்பே நாம் முடிவு செய்துவிட வேண்டும். அந்த வேலைக்காகவே ரீலில் டிராக் இருக்கிறது. உள்ளே வட்டத் தகடுகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. குறிப்பிட்ட விசையைத் தாண்டினால் சுருள் வழுக்கி நூலை வெளியே விடுகிறது.

பொதுவான விதி, நூலின் தாங்கும் திறனில் நான்கில் ஒரு பங்கு முதல் 30 விழுக்காடு வரை. 20 பவுண்டு நூலுக்குச் சுமார் 25 நியூட்டன். இதைக் கையால் இழுத்துப் பார்த்து ஊகிக்க வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் இருக்கும் சுருள்வில் தராசு போதும். நூலைக் கோலின் வளையங்கள் வழியே விட்டு, நுனியைத் தராசில் கட்டி மெதுவாக இழுங்கள். கிலோ அளவுள்ள தராசு என்றால் இரண்டரையைத் தொடும்போது சுருள் நழுவத் தொடங்க வேண்டும். அதே மீன், அதே பாய்ச்சல், இப்போது சுமார் 27 செ.மீ. நூல் வெளியேறும். மீனும் நிற்கும், நூலும் அறாது.

ஓர் எச்சரிக்கை. மீன் நூலை நிறைய இழுத்துக்கொண்டு போனால் சுருளில் மீதமுள்ள நூலின் ஆரம் குறையும். உராய்வு அதேதான். ஆனால் ஆரம் பாதியானால் நூலில் விழும் விசை இரு மடங்காகும். பெரிய மீன் தூரம் ஓடும்போது டிராக்கை மேலும் இறுக்குவது எவ்வளவு ஆபத்து என்பது இப்போது புரியும்.

மூன்று வகை நூல்

மலாயில் 'தங்சி' எனப்படும் ஒற்றை இழை நைலான் மலிவானது. அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீளக்கூடியது. அதிர்ச்சியைத் தாங்கும். புதிதாகப் பழகுபவர்கள் இதில் தொடங்குவது நல்லது.

பின்னல் நூல் பாலிஎத்திலின் இழைகளால் ஆனது. மெல்லியது, வலுவானது, ஏறக்குறைய நீளாதது. தூரத்தில் மீன் லேசாகத் தொட்டாலும் கையில் தெரியும். ஆனால் நீளாத குணமே அதன் குறையும் ஆகும். பின்னல் நூல் போட்டவர் டிராக்கைக் கட்டாயம் அளந்து வைக்க வேண்டும்.

மூன்றாவது புளோரோகார்பன். ஒளிவிலகல் எண் 1.42. தண்ணீருக்கு 1.33, நைலானுக்குச் சுமார் 1.5. தண்ணீரின் எண்ணுக்கு நெருக்கமாக இருப்பதால் நீருக்குள் நைலானைவிடக் குறைவாகவே தெரியும். கண்ணால் வேட்டையாடும் மீனுக்கு இது முக்கியம். மரக்கட்டையில் உரசினாலும் பின்னல் நூலைப்போல் எளிதில் சிதையாது. எனவே பீக்காக் பாஸுக்கு 20 பவுண்டு பின்னல் நூல், அதன் முனையில் ஒரு மீட்டர் அளவு 20 முதல் 30 பவுண்டு புளோரோகார்பன் லீடர் என்பது நல்ல சேர்க்கை.

நைலானிலும் புளோரோகார்பனிலும் முடிச்சை இறுக்கும் முன் எச்சிலாலோ தண்ணீராலோ நனையுங்கள். உலர்ந்த நூல் உராயும்போது எழும் வெப்பமே அந்த இடத்தைப் பலவீனமாக்கிவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரை விரல்களுக்கிடையே ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டு மீண்டும் முடிச்சிடுங்கள்.

கோலும் ரீலும்

நெம்புகோல் பாடத்தில் மூன்றாம் வகைக்கு எடுத்துக்காட்டாகத் தூண்டில் கோலைப் படித்திருப்பீர்கள். அடிமுனை ஆதாரம், கை நடுவில், மீன் நுனியில். 2 மீட்டர் கோலில் கை அடியிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் இருந்தால், நுனியில் குறுக்காக இழுக்கும் 25 நியூட்டனைச் சமாளிக்கக் கை 100 நியூட்டன் கொடுக்க வேண்டும். கோல் நம் பலத்தைப் பெருக்குவதில்லை. நுனியின் வேகத்தைப் பெருக்குகிறது. இரையைத் தூரம் வீச முடிவது அதனால்தான். கோல் வளைவதும் நிறுத்தும் தூரத்தைக் கூட்டுவதற்கே.

நம் குட்டைகளுக்கு 6 முதல் 7 அடி நீளமுள்ள, நடுத்தர வலுவுள்ள, நுனிப்பகுதி மட்டும் விரைவாக வளையும் கோல் போதும். 7 முதல் 20 கிராம் வரை இரை வீசலாம் என்று கோலின் அடியில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மீனைக் கரைக்குக் கொண்டுவரும்போது கோலைத் தலைக்கு மேல் நிமிர்த்தாதீர்கள். விசை முழுவதும் மெல்லிய நுனியில் விழுந்து கோல் முறியும்.

ரீலில் இரு வகை. நிலைச்சுருள் ரீலில் வீசும்போது சுருள் சுழலாது, நூல் மட்டும் உருவி வரும். இலேசான இரைக்கும் புதியவர்க்கும் ஏற்றது. சுழல்சுருள் ரீலில் சுருளே சுழலும். இரை காற்றில் வேகம் குறைந்த பிறகும் சுருள் நிலைமத்தால் சுழன்றுகொண்டே இருந்தால் நூல் குருவிக்கூடாகச் சிக்கிக்கொள்ளும். இதைத் தடுக்கச் சில ரீல்களில் காந்தம் வைத்திருப்பார்கள். அலுமினியச் சுருள் காந்தப்புலத்தில் சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, சுழற்சியை எதிர்க்கும். தொடாமலே நிறுத்தும் பிரேக்.

இன்றைய கோல்கள் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனவை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். திறந்த குட்டைக் கரையில் அதை உயர்த்திப் பிடித்து நிற்பவர் இடிதாங்கியைப் பிடித்து நிற்பவர்தான். இடி மின்னல் மிகுந்த நாடு நம்முடையது. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கோலைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள் போய்விடுங்கள். ஈயக்குட்டைகளின் கரை செங்குத்தாக இறங்கும், மண் சரியும். தனியாகப் போக வேண்டாம்.

இரையை எங்கே, எப்படி வீசுவது?

வெயில் ஏறத் தொடங்கும் காலை நேரம் நல்லது. இரவில் இந்த மீன் பெரும்பாலும் உண்பதில்லை. நீர்ப்பரப்பில் 'பளக்' என்று ஓசையெழுப்பும் பாப்பர், மீன் வடிவ மின்னோ, அடியில் குதித்து வரும் ஜிக் என மூன்று வகை இரை கையில் இருந்தால் போதும். ஒலி தண்ணீரில் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும், காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல். அருகில் எழும் அதிர்வை மீன் தன் உடலின் பக்கக்கோட்டாலும் உணரும். இரையை விரைவாக, இடையிடையே நிறுத்தி இழுங்கள். தப்பி ஓடும் இரையைத்தான் இது துரத்தும்.

முனைவாக்கக் கண்ணாடி அணிந்தால் நீர்ப்பரப்பின் கூசொளி குறைந்து மீனே கண்ணுக்குத் தெரியும். ஒளிவிலகலால் மீன் உண்மையான ஆழத்தைவிட மேலே இருப்பதாகத் தோன்றும் என்பதை மறக்க வேண்டாம்.

மும்முனை முள்ளுக்குப் பதிலாக ஒற்றை முள்ளை மாட்டி, அதன் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். நூல் தொய்வடையாமல் வைத்திருந்தால் மீன் தப்பாது. தப்பினாலும் காயம் குறைவு.

வேறு குட்டையில் விடலாமா?

மூன்று வாரம் கழித்து அதே மாணவர் வந்தார். சுருள்வில் தராசில் அளந்து டிராக்கை வைத்தாராம். இரண்டு பி.பி. கிடைத்தன. மகிழ்ச்சியோடு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"சார், குஞ்சு கிடைச்சா எங்க வீட்டுப் பக்கத்துக் குட்டையில விடலாமா? அவ்வளவு தூரம் போக வேண்டாம் பாருங்க."

இந்தக் கேள்விக்குப் பனாமா நாட்டின் காத்தூன் ஏரி விடை சொல்லியிருக்கிறது. 1960-களின் இறுதியில் குட்டையில் வளர்த்த பீக்காக் பாஸ்கள் தப்பி அந்த ஏரியில் சேர்ந்தன. தாமஸ் சாரெட், ராபர்ட் பெயின் என்னும் இரு அறிவியலாளர்கள் அதன் விளைவை ஆராய்ந்து 1973-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். ஏரியில் பரவலாக இருந்த 8 வகை மீன்களில் 6 வகை அந்த மீன் பரவிய பகுதிகளில் அற்றுப்போயின. இன்னொன்று வெகுவாகக் குறைந்தது. சிறு மீனை நம்பியிருந்த நீர்ப்பறவைகளும் பாதிக்கப்பட்டன. இத்தனையும் சில ஆண்டுகளில்.

பீக்காக் பாஸ் நம் நாட்டுக்கு நீந்தி வரவில்லை. மனிதர்கள் கொண்டுவந்து விட்டதுதான். தாயும் தந்தையும் சேர்ந்து முட்டையையும் குஞ்சுகளையும் காவல் காக்கும் மீன் இது. குஞ்சுகள் நிறையவே பிழைக்கும். இன்று ஒரு குட்டையில் விட்டால், வெள்ளம் வரும் ஆண்டில் அது ஆற்றுக்குப் போகும். ஆற்றில் செபாராவும் லம்பாமும் இருக்கின்றன. நூல் அறுந்தால் புது நூல் வாங்கலாம். ஆற்றின் உணவுச் சங்கிலி அறுந்தால் எந்தக் கடையிலும் கிடைக்காது. அண்டை நாடான சிங்கப்பூரில் அனுமதியின்றி உயிரினங்களை நீர்நிலைகளில் விடுவது குற்றம்.

எனவே பிடித்த பி.பி.யை உயிரோடு வாளியில் எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போகாதீர்கள். வீட்டுத் தொட்டியில் வளர்த்ததையும் வெளியே விடாதீர்கள். வைத்துக்கொள்வதென்றால் தலையில் ஓர் அடியில் உடனே கொன்று பனிக்கட்டியில் வையுங்கள். மூச்சுத்திணற விடாதீர்கள். சதை வெண்மையாக, சுவையாக இருக்கும். பழைய சுரங்கக் குட்டைகள் சிலவற்றில் ஆர்செனிக் போன்றவை படிந்திருக்கலாம் என்பதால் அந்த மீனை அடிக்கடி உண்ண வேண்டாம். ஹருவான், செபாராவ் போன்ற நம் நாட்டு மீன் சிக்கினால் கையை நனைத்துக்கொண்டு, உடலைக் கிடையாகத் தாங்கி, பிடித்த நீரிலேயே விடுங்கள். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பான பாதுகாப்புப் படலத்தை உரித்துவிடும்.

மாணவர் சற்று யோசித்தார். "அப்போ தூரமாவே போறேன் சார்" என்றார். போகும்போது சுருள்வில் தராசை இன்னொரு முறை கடன் கேட்டார். கொடுத்தேன்.