நாற்றுக்கு ஒரு போர்வை

போர்வை உடம்புக்குச் சூட்டைத் தருவதில்லை. உடம்பிலுள்ள சூட்டை வெளியே போகவொட்டாமல் காக்கிறது. இதனை நெசவாளருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும், பனிக்காலத்தில் பிளாஸ்டிக் குடில் அமைக்கும் விவசாய அன்பர்கள் பலர் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர். குடில் எழுந்துவிட்டால் நாற்று பிழைத்துவிடும் என நம்பி, பின்னர் வருந்துகின்றனர். நாமும் அவ்வாறு வருந்தியவர்களே.

நீலகிரியில், சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தைச் சுற்றிய பள்ளத்தாக்குகளில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழுவதுண்டு. பகலில் வெயில் நன்றாகவே காயும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கித் தாழ்ந்த இடத்தில் தேங்குகிறது. ஆகவே ஓடையோரத்து நிலங்களே முதலில் வெளுக்கின்றன. முட்டைக்கோசும் காரட்டும் ஓரளவு தாங்கும். பீன்சும் உருளைக்கிழங்கின் இலையும் ஓரிரவில் கருகிவிடும். நாற்றங்கால் கருகினால் விதைப் பணம் மட்டுமா போகிறது? நாலைந்து வார உழைப்பும், நல்ல விலை கிடைக்கும் பருவமும் உடன் போகின்றன.

முன்னாளில் இதற்குக் கண்ணாடி மாளிகையே வழி. அது சிறு விவசாயிக்கு எட்டாத பொருள். அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எம்மர்ட் என்பார், 1948ஆம் ஆண்டில் கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய செல்லோபேன் தாளைப் போர்த்துக் குடில் அமைத்தார். பின்னர் பாலித்தீன் தாள் அவ்விடத்தைப் பிடித்தது. இன்று சில மூங்கிற் கழிகளும் ஒரு தாளும் இருந்தால், பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒருவரே குடில் அமைத்துக்கொள்ளலாம்.

தாளின் குறை

கண்ணாடிக்கும் பாலித்தீனுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. நிலம் இரவில் வெளியிடும் வெப்பக் கதிர்களைக் கண்ணாடி தடுத்து நிறுத்தும். சாதாரண பாலித்தீன் அவற்றுள் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடும். அதனால் தெளிந்த, காற்றசையாத இரவில் குடிலின் உட்புறம் வெளியைப் போலவே, சிற்சில வேளை வெளியைவிடவும் கூடுதலாகக் குளிர்ந்துவிடுகிறது. முதலாண்டில் நாம் ஒற்றைத் தாளை மட்டும் நம்பிப் பள்ளத்தில் குடில் அமைத்தோம். காலையில் நாற்றுகள் கறுத்திருந்தன. மறு ஆண்டு மேட்டில் அமைத்தோம்; இரவு தப்பியது. ஆனால் காலையில் குடிலைத் திறக்க மறந்து சங்கக் கூட்டத்துக்குச் சென்றுவிட்டோம். நண்பகலில் திரும்பிவந்து பார்த்தால், எஞ்சிய நாற்றுகள் வெந்து கிடந்தன! பனிக்குத் தப்பியதை வெயிலுக்குக் கொடுத்தோம்.

செய்ய வேண்டுவன

குடிலைத் தாழ்வில் அமைக்கலாகாது. காலை வெயில் படும் மேட்டுப் பாங்கே நன்று. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குமாறு தயாரித்த 200 மைக்ரான் தாளை வாங்குதல் வேண்டும். சாதாரணத் தாள் வெயிலில் விரைவில் நொறுங்கிவிடும். தாளின் ஓரங்களை மண்ணில் புதைத்து, காற்றுப் புகாதபடி செய்க. மூங்கிலின் கணுக்களைச் செதுக்காவிட்டால் தாள் கிழியும்.

பகலில் மண்ணை ஈரமாக வைத்திருத்தல் நலம். காய்ந்த மண்ணைவிட ஈரமண் மிகுந்த வெப்பத்தைச் சேமிக்கும். கறுப்பு வர்ணம் பூசிய 20 லிட்டர் தகரங்கள் நான்கில் நீர் நிரப்பி உள்ளே வைக்கலாம். அந்த 80 லிட்டர் நீர் 10 டிகிரி குளிரும்போது 800 கிலோகலோரி வெப்பத்தை வெளியிடும். ஏறத்தாழ 100 கிராம் அடுப்புக்கரியின் வெப்பந்தான் அது. எனினும் புகையின்றி, இரவெல்லாம் சிறுகச் சிறுகக் கிடைக்கிறது. அடைத்த குடிலுக்குள் கரியடுப்பு வைக்கவே கூடாது; அதன் நச்சுக்காற்று உயிரைக் குடிக்கும்.

வெயில் சாயுமுன் குடிலை அடைத்து, மேலே கோணிச்சாக்கோ பழைய ஜமக்காளமோ விரித்திடுக. இதுவே தலையாய வேலை. வெயில் ஏறியதும் போர்வையை நீக்கி, இரு முனைகளையும் திறந்து காற்றோட விடுக. இல்லையேல் வெப்பம் மிகும்; ஈரம் தேங்கிப் பூஞ்சணமும் பற்றும்.

நீலகிரியினும் பன்மடங்கு குளிர் மிகுந்த லடாக்கிலும் இதே நியதிதான். அங்கே நிலத்தில் பள்ளம் தோண்டி, மேலே பாலித்தீன் மூடிக் கீரை வளர்க்கின்றனர். சுற்றியுள்ள மண்ணே சுவராகி வெப்பத்தைக் காக்கிறது. இரவில் மேலும் ஒரு போர்வை இடுகின்றனர்.

ஒருவர் மறந்தால் மற்றவர்

தாளைச் சில்லறையாக வாங்குவதினும், சங்கத்தின் வாயிலாக ஒரு சுருளை வாங்கிப் பகிர்ந்துகொள்வது சிக்கனம். அதனினும் பெரிய நன்மை ஒன்றுண்டு. நான்கு குடும்பங்கள் ஒரு பொதுக் குடிலில் நாற்று வளர்த்து முறைவைத்துக் காத்தால், ஒருவர் வெளியூர் சென்ற நாளிலும் போர்வை விரிக்கவும் நீக்கவும் ஆள் இருக்கும். தாளைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். மாலையிலும் காலையிலும் தவறாது வந்து நிற்கும் இரு கைகளைக் கூட்டுறவே தரும்.