கீழ்த்தாடை ஆணா பெண்ணா சொல்லுமா?

பெங்களூர் சிவாஜிநகரின் ரஸ்ஸல் மார்க்கெட்டில் ஆட்டுத்தலை வாங்கிப் பழகியவர்களுக்குக் கீழ்த்தாடை எலும்பு புதிதல்ல. பற்களைத் தாங்கும் நீண்ட பகுதி, அது பின்னால் போய் மேலே திரும்பும் பட்டை, அந்தப் பட்டையின் உச்சியில் மண்டையோட்டோடு பொருந்தும் குமிழ். மனிதத் தாடைக்கும் இதே அமைப்புதான். காதுமடலுக்குக் கீழே விரலை வைத்து மெல்லக் கீழே இறக்கிப் பாருங்கள். எலும்பு முன்பக்கமாகத் திரும்பும் முனை தட்டுப்படும். அதுதான் தாடைக்கோணம். அங்கிருந்து மேலே ஏறும் பகுதியை நிமிர்பட்டை என்று வைத்துக்கொள்வோம். தாடையை வைத்து எடுக்கும் தடயவியல் அளவைகளில் பல அதைச் சுற்றித்தான்.

அந்த மார்க்கெட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ரிச்மண்ட் சாலை வீடொன்றின் முற்றத்தை 1994 மார்ச்சில் போலீசார் தோண்டினார்கள். மைசூர் திவானாக இருந்த மிர்சா இஸ்மாயிலின் பேத்தி ஷகீரா கலீலி 1991 மே மாதத்துக்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. கிடைத்த எலும்புக்கூடு அவருடையதுதான் என்று, மண்டையோட்டின் படத்தையும் அவருடைய புகைப்படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்திப் பார்த்தும், டி.என்.ஏ. சோதனை செய்தும் உறுதி செய்தார்கள். அங்கே யாரைத் தேடுகிறோம் என்பது முன்பே தெரிந்திருந்தது. ஏரிக்கரையிலோ கட்டடம் எழுப்பத் தோண்டிய குழியிலோ யாருடையது என்றே தெரியாத எலும்புகள் கிடைத்தால் என்ன செய்வது? காணாமல் போனவர்களின் பட்டியல் நீளமானது. ஆணா பெண்ணா என்று தெரிந்தால் அதில் ஏறக்குறைய பாதி கழிந்துவிடும்.

இதற்கு முதலில் பார்க்க வேண்டியது இடுப்பெலும்புதான். அமெரிக்க மானுடவியலாளர் வில்டன் குரோக்மன் 750 எலும்புக்கூடுகளைப் பார்த்துச் சொன்ன கணக்கில், இடுப்பெலும்பை மட்டும் வைத்து 100-க்கு 95 முறையும், மண்டையோட்டை மட்டும் வைத்து 92 முறையும் சரியாகச் சொல்ல முடிந்தது. ஆனால் நாய் இழுத்துப்போன, தீயில் வெந்த உடலில் இடுப்பெலும்பு நொறுங்கிப் போயிருக்கலாம். கீழ்த்தாடை முகத்திலேயே பெரிய, உறுதியான எலும்பு. வெளிப்புறம் கெட்டியாக இருப்பதால் பல நேரம் அது தப்பிவிடுகிறது.

வேறுபாடு பருவ வயதில்தான் தெளிவாக உருவாகிறது. ஆண்களுக்கு வளர்ச்சி அதிக காலம் நீடிக்கிறது. மெல்லும் தசைகளும் தடிக்கின்றன. அந்தத் தசைகள் தாடைக்கோணத்தில் பற்றிக்கொண்டு இழுப்பதால் அந்த முனை கரடுமுரடாகி வெளிப்பக்கம் விரிகிறது. நிமிர்பட்டையின் உயரமும் கூடுகிறது. பெண்களுக்கு அந்தக் கோணத்தின் பாகை அளவு பொதுவாகச் சற்று அதிகமாக இருக்கும். இதனால்தான் குழந்தையின் தாடையை வைத்து ஆண், பெண் சொல்ல முயல்வது சரியல்ல. பற்களை இழந்த முதியவரின் தாடையிலும் எலும்பு தேய்ந்து வடிவம் மாறியிருக்கும்.

அளப்பவர் நிமிர்பட்டையின் உயரம், அகலம், இரண்டு கோணங்களுக்கு இடைப்பட்ட தூரம் என ஒவ்வொன்றாகக் குறிக்கிறார். ஒவ்வொரு அளவையும் அதற்கென்று கண்டுபிடித்த ஓர் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறார். விடை ஒரு எல்லைக்கோட்டுக்கு மேலே விழுந்தால் ஆண், கீழே விழுந்தால் பெண். கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தால் அங்கே முடிவு சொல்லாமல் நிறுத்துவதே நேர்மை.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் முக்கியம். 2011-இல் வெளியான ஒரு வட இந்திய ஆய்வு 116 தாடைகளை அளந்து, சுமார் 80 விழுக்காடு சரியாகப் பிரித்தது. அவற்றில் பெண்களின் தாடைகள் 24 மட்டுமே. அது போதாது என்பதே என் கருத்து. 2012-இல் பெங்களூரின் ஆர்.வி. பல் மருத்துவக் கல்லூரியினர் 50 ஆண்கள், 50 பெண்களின் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேக்களில், அதாவது தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரேக்களில், நிமிர்பட்டையை அளந்தார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று பேரைச் சரியாகப் பிரிக்க முடிந்தது. நான்கில் ஒருவர் தவறிப் போகிறார் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். ஓ.பி.ஜி. படம் எலும்பைச் சற்றுப் பெரிதாக்கியும் காட்டும். அதனால் படத்தில் எடுத்த அளவை, உலர்ந்த எலும்புக்கென்று செய்த சூத்திரத்தில் அப்படியே போடக் கூடாது.

நிமிர்பட்டையின் பின்விளிம்பு வளைந்திருந்தால் ஆண், நேராக இருந்தால் பெண் என்று 1996-இல் சூசன் லோத், மாசீஜ் ஹென்னெபர்க் இருவரும் எழுதினார்கள். 90 விழுக்காட்டுக்கு மேல் சரியாக வரும் என்றார்கள். பிறர் வேறு மக்களின் தாடைகளில் சோதித்தபோது அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. தமிழும் தக்கினி உருதும் கன்னடமும் தெலுங்கும் பேசுபவர்கள் நெருங்கி வாழும் சிவாஜிநகர் போன்ற இடத்துக்கு, வேறெங்கோ செய்த சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. இன்னொன்று: எலும்பு சொல்வது உடல் வளர்ந்த விதத்தை மட்டுமே. அந்த மனிதர் ஆணாக வாழ்ந்தாரா பெண்ணாக வாழ்ந்தாரா என்பது அதில் இல்லை.

ஆகவே தாடை அளவு பட்டியலைச் சுருக்கும், ஆளைக் காட்டாது. ஆளைக் காட்டுவது டி.என்.ஏ., அல்லது அதே தாடையிலிருக்கும் பற்கள். அடைத்த பல், வேர் சிகிச்சை செய்த பல், பிடுங்கிய இடம் ஆகியவற்றை, உயிரோடு இருந்தபோது எடுத்த எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டால் சில நேரம் ஒரே நாளில் விடை கிடைத்துவிடும். பல் டாக்டர் எடுத்துக் கொடுத்த படத்தை வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெயரும் தேதியும் எழுதி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் உறையிலேயே பத்திரமாக வையுங்கள்.