கல்முகங்களும் கலைச்சொல்லாக்கமும்

ஐரோப்பிய இடைக்காலத் தேவாலயங்களில் வாய் பிளந்து நீண்டிருக்கும் கல்லுருக்களை ஆங்கிலம் ‘கார்காயில்’ என்கிறது. தோற்றத்தை மட்டும் கருதி இதனை ‘யாளி’ எனப் பெயர்ப்பது பொருந்தாது.

இச்சொல் ‘தொண்டை’ எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. ஜெர்மானியரின் ‘வாசர்ஷ்பையர்’ என்பதற்கு ‘நீர் உமிழ்வது’ என்பதே நேர்ப்பொருள். மழைநீர் சுவரில் வழிந்தால் கல்லிடைக் காரை அரிக்கும். ஆகவே உருவின் முதுகில் வெட்டிய கால் வழியே நீர் வாயை அடைந்து, சுவருக்கு அப்பால் விழுகிறது. எனவே பெயருக்குக் காரணம் தொழிலேயன்றி வடிவன்று.

பாரிசு நோத்ர தாம் கோபுர மேடையில் அமர்ந்துள்ள புகழ்பெற்ற விந்தையுருக்கள் நீர் உமிழ்வதில்லை. அவை 1844இல் புதுப்பிப்புப் பணிக்குத் தேர்வுபெற்ற வியொலெ-லெ-டியூக்கின் காலத்தில் சேர்க்கப்பட்டவை. பிரெஞ்சு மொழி இவற்றை ‘ஷிமேர்’ எனப் பிரித்தே வழங்குகிறது. ஆங்கிலப் பொதுவழக்கோ இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுவதுண்டு. அதனை அவ்வாறே பெயர்ப்பின், 19ஆம் நூற்றாண்டுப் படைப்பு இடைக்காலத்ததாகிவிடும்.

தமிழகக் கோயில்களிலும் இவ்வேறுபாடு உண்டு. கருவறையின் திருமஞ்சன நீரை வெளியேற்றுவது கோமுகம். கூடுகளின் உச்சியில் அணியாக அமைவது கீர்த்திமுகம். எனினும் கோமுகத்து நீர் புனிதநீராதலின், அச்சொல் மழைநீர்த் தூம்புக்கு ஒவ்வாது.

ஆகவே முன்னதை ‘நீருமிழ் உரு’ எனவும், பின்னதை ‘விந்தையுரு’ எனவும் வழங்கலாம். மூலச்சொல் எதுவாயினும், அவ்வுருவின் வாயில் நீர் செல்கிறதா என்பதை மொழிபெயர்ப்பாளர் முதலில் அறிதல் வேண்டும்.