“போதும்” என்று சொல்லும் உயிரணுக்கள்

உங்கள் வகுப்பில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் மாணவர் ஒருவர் இருக்கலாம். அவர் இனிப்பை அதிகம் சாப்பிட்டதால்தான் நோய் வந்தது என்று சிலர் நினைப்பார்கள். அது தவறு. முதல் வகை நீரிழிவில், கிருமிகளோடு போரிட வேண்டிய டி உயிரணுக்களே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகின்றன.

நம்மில் பெரும்பாலோர்க்கு ஏன் அப்படி நேர்வதில்லை?

டி உயிரணுக்கள் நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி அடைகின்றன. சொந்த உடலையே தாக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவை அங்கேயே களையப்படுகின்றன. தப்பி வெளியே வருபவற்றை அடக்கி வைப்பவை ‘ஒழுங்குபடுத்தும் டி உயிரணுக்கள்’. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-இல் எலிகளிடம் இவற்றை அடையாளம் காட்டினார். 2001-இல் அமெரிக்காவின் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் ‘ஃபாக்ஸ்பி3’ என்ற மரபணுவைக் கண்டறிந்தனர். இந்த மரபணு பழுதானால் ஒழுங்குபடுத்தும் உயிரணுக்கள் சரியாக உருவாவதில்லை. கைக்குழந்தைகளுக்கே நீரிழிவையும் கடும் வயிற்றுப்போக்கையும் தரும் ‘ஐபெக்ஸ்’ என்ற அரிய நோய் வருகிறது. 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு இம்மூவருக்கும் வழங்கப்பட்டது.

சரி, ஃபாக்ஸ்பி3 மரபணுவைச் செயல்பட வைப்பது எது? உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்தி மூலக்கூறுகள்தாம். ‘இன்டர்லூக்கின்-2’ என்ற புரதம், டி உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் பூட்டில் சாவி போலப் பொருந்துகிறது. உடனே உள்ளே ‘ஸ்டாட்5’ என்ற புரதம் விழித்துக்கொண்டு, உட்கருவுக்குச் சென்று ஃபாக்ஸ்பி3-ஐ இயங்கச் செய்ய உதவுகிறது.

தைமஸுக்கு வெளியேயும் இது நடக்கிறது. இன்னும் எந்தப் பணியும் ஏற்காத ஒரு டி உயிரணு, தனக்குரிய அந்நியப் பொருளைச் சந்திக்கும்போது, சுற்றிலும் ‘டிஜிஎஃப்-பீட்டா’வும் இன்டர்லூக்கின்-2-உம் இருந்தால், அது ஒழுங்குபடுத்தும் உயிரணுவாக மாறலாம். ஆனால், அழற்சியின்போது பெருகும் ‘இன்டர்லூக்கின்-6’ டிஜிஎஃப்-பீட்டாவுடன் சேர்ந்துகொண்டால் கதையே மாறிவிடும்! அதே உயிரணு அழற்சியைத் தூண்டும் ‘டிஎச்17’ வகையாகிவிடும். உயிரணு ஒன்றுதான்; அதற்குக் கிடைக்கும் செய்திகளே அதன் பாதையை முடிவு செய்கின்றன.

இதனால்தான், குறைந்த அளவு இன்டர்லூக்கின்-2 கொடுத்து ஒழுங்குபடுத்தும் உயிரணுக்களைப் பெருக்க முடியுமா என்று முதல் வகை நீரிழிவு நோயாளிகளிடம் ஆய்வுகள் நடந்துள்ளன. அளவு முக்கியம். அதே மருந்தை அதிக அளவில் கொடுத்தால் தாக்கும் உயிரணுக்களும் வீறுகொள்ளும். சில புற்றுநோய்களுக்கு அப்படித்தான் அது தரப்பட்டது.

மாணவர்களே, ஊசி போட்டுக்கொள்ளும் அந்த நண்பரை இனி யாராவது குறை சொன்னால், நீங்கள் விளக்கம் சொல்லலாம் அல்லவா?