பதிவாகாத பணி: போர்க்காலத் தகவல் சேகரிப்பில் பெண்கள்

விடுதலைப் புலிகளின் பெண் போராளிகள் முதன்முதலில் களமிறங்கியது 1986 ஒக்டோபரில், மன்னார் அடம்பனில். அது பதிவாகியிருக்கிறது. ஆயுதமின்றித் தகவல் சேகரித்த பெண்களின் கதை பதிவாகவில்லை. பெயரும் முகமும் தெரியாமலிருப்பதே அந்தப் பணியின் பாதுகாப்பு. தகவல் கொடுத்தார் என்ற சந்தேகமே உயிரைப் பறித்த காலம் அது. எந்தத் தரப்பும் விதிவிலக்கல்ல.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவின் பிளெட்ச்லி பார்க்கில் எதிரியின் இரகசியச் செய்திகளை உடைக்கும் பணியில் ஈடுபட்டவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். 1970கள் வரை அவர்களும் வாய் திறக்கவில்லை. 2009இல் அரசாங்கம் அவர்களுக்கு அணிந்துகொள்ளும் நினைவுச் சின்னம் அறிவித்தது. அதே ஆண்டு இங்கே போர் முடிந்தது. சரணடைந்த பெண்களுக்குக் கிடைத்தவை விசாரணையும் புனர்வாழ்வு முகாமும்தான்.

ஆகவே இவர்களிடம் நான் பெயர் கேட்பதில்லை, ஒலிப்பதிவும் செய்வதில்லை. பேசுவதா இல்லையா என்பது அவர்களின் முடிவு. அச்சமின்றிப் பேசும் நாள் பிந்தினால், சாட்சியம் அவர்களோடே போய்விடும்.